இளைப்பாற்றி வேண்டும்

அந்தத் துண்டை வாசித்தவன் நான்தான். ஊரில் சிலர் இன்றைக்கும் அந்தப் பழியைக் கோயில் உபதேசியாரின் தலையில் போடுகிறார்கள். பாவம், அந்த மனிசன் அன்றைக்குக் காய்ச்சலோடு படுத்திருந்தார். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, தொண்டையைச் செருமிக்கொண்டு, உயிரோடு இருக்கிறான் என்று ஒரு தாய் பன்னிரண்டு வருடம் பிடித்து வைத்திருந்த பிள்ளையை மரித்தவர்களோடு சேர்த்து வாசித்த மகா கெட்டிக்காரன் நான். முப்பத்தொரு வருடம் தபால்காரனாக இருந்தும் ஒரு கடிதத்தைப் பிழையான வீட்டில் கொடுத்ததில்லை என்று வாய் கிழியப் பேசித் திரிந்தவன்.

கீரியில் எங்கள் வளவுக்கும் இராசேந்திரத்தின் வளவுக்கும் நடுவில் ஒரு பனையோலை வேலிதான். அந்தப் பக்கம் தேங்காய் திருவினால் இந்தப் பக்கம் கேட்கும். ஆகவே நான் சொல்வதில் பாதி கண்ணால் கண்டது, மீதி வேலியால் கேட்டது. ஒட்டுக் கேட்பது பாவம் என்று எனக்கு யாரும் படிப்பிக்க வேண்டாம். காதை எங்கே கழற்றி வைப்பது?

அந்த வீட்டில் மூன்று பேர். இராசேந்திரம் நண்டு வலைக்காரன், வாயைத் திறப்பது சாப்பிடத்தான். அவன் மனைவி மாக்கிறட், இருவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள். மூன்றாவது ஆள் மருமகள் கிருஷாந்தினி. மகன் சுஜீவன் இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஆடி மாதம் அவுஸ்திரேலியாவுக்கென்று வள்ளம் ஏறினான். கலியாணம் முடித்து அப்போது எட்டு மாதம். நாற்பது பேருக்கு மேல் போனார்களாம். ஏற முன்னம் ஒரு கோல் வந்தது. "அம்மா, வெளிக்கிடுறம், செபம் பண்ணுங்கோ" என்றான். அவ்வளவுதான். பிறகு வள்ளமும் இல்லை, ஆட்களும் இல்லை. ஒரு செருப்புக்கூட எங்கும் கரை ஒதுங்கியதாகக் கேள்விப்படவில்லை.

அவனைப் போகச் சொன்னவள் மாக்கிறட். இதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஏஜென்றைத் தேடிப் பிடித்ததும் அவள், கைக் காப்பைக் கழற்றிக் கொடுத்ததும் அவள். கிருஷாந்தினி புருசனின் காலைப் பிடித்துக் கதறியது எனக்கும் கேட்டது. இராசேந்திரம் ஒரேயொரு வசனம் சொன்னான்: "அது எங்கட கடல் இல்லை, மாக்கிறட்."

"நீங்கள் நண்டோடை கிடந்து சாகுங்கோ. என்ர பிள்ளை சாகக்கூடாது" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு நான் ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பும்போதெல்லாம் படலையில் நிற்பாள். "அண்ணை, வெளிநாட்டுக் கடிதம் ஏதும்?" என்பாள். நான் ஓய்வு பெற்ற பிறகு புதிதாக வந்தவனைப் பிடித்துக்கொண்டாள். இந்தோனேசியாவில் சிறையில் இருக்கிறான் என்று ஒருத்தன் சொன்னான். யாரோ ஒரு வீடியோவைக் காட்டினார்கள். கம்பி வேலிக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள். கடைசி வரிசையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவன்தான் சுஜீவன் என்றாள். முதுகை வைத்து எப்படி அடையாளம் பிடித்தாய் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் செத்தான் என்றால் அனுப்பியவள் யார் என்ற கேள்வி அடுத்ததாக வரும். அந்தக் கேள்வி வராமல் இருக்க அவன் எங்கேயாவது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கத்தான் வேண்டும்.

அதற்கெல்லாம் வதைபட்டது கிருஷாந்தினி. அவன் போனபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது. தாலி சட்டைக்கு வெளியே தெரிய வேண்டும். "புருசன் உயிரோடை இருக்கிறவள் எண்டு காண்கிறவன் அறியட்டும்" என்பாள் மாமி. அழக்கூடாது, அழுதால் அவனைச் சாகடிக்கிறாய் என்று ஏச்சு. சிரிக்கக்கூடாது, சிரித்தால் அவனை மறந்துவிட்டாய் என்று ஏச்சு. சிரிக்கவும் விடாமல் அழவும் விடாமல் ஒரு பெண்பிள்ளையைப் பன்னிரண்டு வருடம் வைத்திருந்தாள். இதைவிட ஆக்கினை வேறு வேண்டுமா?

போன வருடம் ஐப்பசியில் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். வாடைக்காற்று எடுபடத் தொடங்கிய நேரம். கரையில் அவர்களுடைய வாடிக்குள், அதாவது கரையில் போட்டிருக்கும் ஓலைக் கொட்டிலுக்குள், காலையில் வந்த வலையைக் கம்பில் தொங்கவிட்டு மாமியும் மருமகளும் நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். பார்க்க லேசு, செய்து பார்த்தால் தெரியும். கால் முறிந்தால் நண்டின் விலை விழும், வலை அறுந்தால் வீட்டுக்காரனின் முகம் விழும். பின்னங்காலைப் பிடித்து, நூலை ஒவ்வொன்றாக விலக்கி எடுக்க வேண்டும். வெளியே இரண்டு கழுதைகள் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றன. நண்டு வாங்கும் பக்கீர் நானா பட்டா வாகனத்தை மணலில் நிற்பாட்டிவிட்டு ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியோடு வந்தார்.

"என்ன புள்ள, இந்த நண்டு நோன்பு புடிச்சதா? ஒரு சதையையும் காணல்லியே" என்றார்.

கிருஷாந்தினி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய நண்டு அவளின் பெருவிரலைக் கவ்வியது. ஐயோ என்று கையை உதறினாள். பக்கத்தில் இருந்த மாக்கிறட் அந்தக் கையை மணிக்கட்டில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் உதவிக்குப் பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

"விடு. கடிக்கட்டும். சிரிச்சதுக்கு இது காணும்."

இரத்தம் வலையில் சொட்டியது. பக்கீர் நானா பாய்ந்து வந்து நண்டின் கடிகாலை முறித்து எடுத்தார். "அல்லாஹ்வே! மாக்கிறட்டக்கா, நீங்களும் ஒரு மனுசியா?" என்று கத்தினார். கிருஷாந்தினி விரலைக் கடல் தண்ணீரில் கழுவி, துணியைச் சுற்றிக்கொண்டு வந்து அடுத்த நண்டைக் கழற்றத் தொடங்கினாள். மாக்கிறட் தன்பாட்டில் செபமாலை சொல்லத் தொடங்கினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தச் செபமாலையைப் பறித்துக் கடலில் எறிந்திருப்பேன். செய்யவில்லை, வீட்டுக்குப் போய் மனைவியிடம் கத்தினேன். என் வீரம் அவ்வளவுதான்.

அந்தக் கிழமைதான் பங்குப் பாதர் அந்த வீட்டுக்கு வந்தார். உயிலங்குளத்தில் றொட்னி என்று ஒருவன் இருக்கிறான். சின்ன வயதில் தமிழ்நாட்டு அகதி முகாமுக்குப் போய் வளர்ந்து திரும்பி வந்தவன், வயல் செய்கிறான். மனைவி செத்து ஐந்து வருடம். மடுத் திருவிழாவில் கிருஷாந்தினியைக் கண்டிருக்கிறான். மரியாதையாகப் பாதர் மூலம் பெண் கேட்டு அனுப்பியிருந்தான்.

பாதருக்குக் கதிரை போட்டு, பிளேன்ரீயும் பனங்கட்டியும் வைத்தார்கள். அவர் விசயத்தைச் சொல்லி முடித்தார்.

"பாதர், என்ர மகனுக்கு என்ன நடந்தது?" என்றாள் மாக்கிறட்.

"அதைத்தான் அம்மா... பன்னிரண்டு வருசம். மறுகலியாணத்துக்கு உத்தரவு கேட்டு ஆயர் இல்லத்துக்கு நாங்கள் எழுதலாம். ஆனா பெத்தவை ரெண்டு பேரும் வந்து, அவர் இறந்திட்டார் எண்டுதான் நம்புறம் எண்டு சொல்ல வேணும். உங்கட வாயாலை சொன்னாத்தான் இந்தப் பிள்ளைக்கு வழி."

"நீங்கள் கண்டனீங்களோ அவன் செத்ததை?"

"இல்லை அம்மா."

"ஆரும் கண்டவையோ?"

"இல்லை."

"அப்ப ஆரைக் கேட்டு என்ர பிள்ளையைச் சாக்காட்ட வந்தனீங்கள்? உடுப்பைப் பாத்துப் பேசாமல் இருக்கிறன். எழும்புங்கோ."

பாதர் இளம்பிள்ளை, ஆனால் பொறுமைசாலி. எழும்பவில்லை. "சரி, அந்தக் கதையை விடுவம். வாற கிழமை எங்கட கோயிலிலை மூண்டு நாள் தியானம் வைக்கிறம், மனக்காயம் ஆறுறதுக்கு. அதுக்கு மட்டும் வாங்கோ."

"எனக்கு என்ன காயம்?" என்றாள் அவள்.

என்றாலும் போனாள். கடவுள் என்று வந்தால் மாக்கிறட் பின்னிற்கிறவள் இல்லை. நானும் என் மனைவியும் போனோம். வெளியூர்க் குருவானவர் ஒருவர் வந்திருந்தார், கட்டையான மனிசன், அடித்தொண்டைக் குரல். மூன்றாம் நாள் அவர் சொன்னார்: "களைச்சுப் போனவையள் எல்லாரையும் யேசு தன்னட்டை வரச் சொல்லுறார். வாங்கோ, நான் இளைப்பாறுதல் தாறன் எண்டு சொல்லுறார். நீங்கள் சுமக்கிறது என்ன? சொல்ல வெக்கமெண்டா அவருக்குச் சொல்ல வேண்டாம், தூக்கி அவரின்ர காலடியிலை வையுங்கோ. அவருக்குத் தெரியும்."

முன் வரிசையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. மாக்கிறட் அழுதாள். சுஜீவன் போன நாளிலிருந்து அவள் அழுது நான் கண்டதில்லை. முழங்காலில் விழுந்து, நெற்றியைச் சீமெந்தில் வைத்து, மூச்சு எடுக்க முடியாமல் அழுதாள். அந்தக் குருவானவர் இறங்கி வந்து அவளின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அது நடிப்பில்லை. நான் எத்தனையோ தியானத்தில் எத்தனையோ அழுகையைப் பார்த்தவன், எனக்கு வித்தியாசம் தெரியும்.

முடிவில் எல்லோருக்கும் ஒரு கடதாசித் துண்டு கொடுத்தார்கள். யாருக்காக இளைப்பாறுதல் வேண்டுமோ எழுதி, வாசலில் இருக்கும் டின்னில் போடச் சொன்னார்கள். வாசலில் இரண்டு டின் இருந்தன. பிஸ்கற் டின் தியானத் துண்டுகளுக்கு. பால்மா டின், வருகிற இரண்டாம் திகதி ஆத்துமாக்கள் திருநாளுக்கு மரித்தவர்களின் பெயர் போட. அழுது கண் வீங்கினவர்கள் எந்த டின்னைக் கண்டார்கள்? கண்ட டின்னில் போட்டுவிட்டுப் போனார்கள்.

அன்று பின்னேரம் மாக்கிறட் வேலிக்கு வந்து என் மனைவியோடு கதைத்தாள். "மச்சாள், நெஞ்சுக்குள்ளை கிடந்த கல்லை ஆரோ எடுத்துப் போட்டினம்" என்றாள். குரலே வேறு. இராத்திரிச் சாப்பாட்டுக்குக் கணவாய்க் கறி வைத்து, பெரிய துண்டுகளைக் கிருஷாந்தினியின் கோப்பையில் போட்டாள். "சாப்பிடு பிள்ளை, மெலிஞ்சு போனாய்" என்று சொன்னது எங்களுக்குக் கேட்டது. அந்தப் பிள்ளைக்கு அடி வாங்கிப் பழக்கம், கணவாய்த் துண்டு வாங்கிப் பழக்கமில்லை.

இரண்டாம் திகதி மத்தியானம் டின்கள் இரண்டும் என்னிடம் வந்தன. உபதேசியாருக்குக் காய்ச்சல், தபால் அண்ணை பிரிக்கட்டும் என்று பாதர் அனுப்பிவிட்டார். கடிதம் பிரிக்கிற வேலை எனக்குப் புதிதா? எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன். குணம் வேண்டும், சமாதானம் வேண்டும், குடி நிற்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு பக்கம். ஆத்துமம், மரித்த, இளைப்பாற்றி என்று இருந்ததெல்லாம் மறுபக்கம். எங்கள் கோயிலில் இளைப்பாற்றி என்ற சொல் செத்தவனுக்கு மட்டும்தான். நித்திய இளைப்பாற்றி என்று சொல்லித்தான் குழிக்குள் மண் போடுகிறோம். உயிரோடு இருக்கிறவன் களைத்தால் அவனுக்கு ஓய்வு, ஆறுதல், இளைப்பாறுதல். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்று நான் நினைத்தேன்.

ஒரு துண்டில் இப்படி இருந்தது: "இராசேந்திரம் சுஜீவன். இளைப்பாற்றி வேண்டும்."

நான் திகைத்துத்தான் போனேன். பிறகு அவள் அழுத அழுகை ஞாபகம் வந்தது. அப்படியென்றால் ஏற்றுக்கொண்டுவிட்டாள், தியானத்தில் கடவுள் அவளுக்கு வழி காட்டிவிட்டார் என்று நினைத்தேன். எனக்குக் கண் கலங்கியது. ஒரு தரம் வேலியால் எட்டி, மாக்கிறட் இது என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. துண்டைப் பால்மா டின் பக்கம் வைத்தேன்.

பின்னேரம் நாலரைக்குச் சேமக்காலையில் பூசை. மழை பெய்து விட்டிருந்தது, மணல் ஈரம். கல்லறை ஒவ்வொன்றிலும் மெழுகுதிரி, பூ, வெள்ளையடித்த சிலுவை. அவரவர் தங்கள் தங்கள் செத்தவர்களைச் சுற்றி நின்றார்கள். இராசேந்திரம் குடும்பம் அவனுடைய தகப்பனின் கல்லறையில் நின்றது. நான் பத்துப் பத்துப் பெயராக வாசிப்பேன், சனம் "நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்குத் தாரும்" என்று பதில் சொல்லும்.

சுஜீவனின் பெயரை வாசித்துவிட்டு இன்னும் மூன்று பெயர் வாசித்திருப்பேன். ஒரு சத்தம் கேட்டது. மனிசக் குரல் என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. கிருஷாந்தினி. பன்னிரண்டு வருடம் அழ விடாமல் வைத்திருந்த அழுகை. "என்ர ராசா, என்னை விட்டிட்டுப் போட்டியே" என்று மார்பில் அடித்துக்கொண்டு மணலில் விழுந்தாள். பிறகு எழும்பி ஓடி என் மனைவியின் கையில் இருந்த மெழுகுதிரியை வாங்கினாள். எங்கே வைப்பது? அவனுக்குக் குழி இல்லையே. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு சேமக்காலை வேலியோரம் வெறும் மணலில் நட்டு, அதற்கு முன்னால் குந்தியிருந்து அழுதாள். ஊர்ப் பெண்கள் எல்லோரும் அழத் தொடங்கினார்கள்.

பிறகு அவள் மாமியிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மாமி, நீங்களே பேர் குடுத்தனீங்களோ? எனக்காகவோ மாமி? கடவுள் உங்களை நல்லா வைச்சிருப்பார் மாமி" என்று கையைக் கொஞ்சினாள்.

மாக்கிறட் கையை உருவிக்கொண்டாள். நேரே வேலியோரம் போய் மெழுகுதிரியைக் காலால் மிதித்தாள். ஒரு தரம் இல்லை, மணலோடு மணலாகும் வரை மிதித்தாள்.

"ஆரடி செத்தது? உயிலங்குளத்தானோடை படுக்கிறதுக்கு உனக்கு என்ர பிள்ளை சாக வேணுமோ, வேசை?"

பூசை நடுவில் நின்றது. பாதர் இறங்கி வர முன்னம் அவள் என்னிடம் வந்துவிட்டாள். "ஆர் உங்களுக்கு அந்தப் பேர் தந்தது, அண்ணை?"

நான் துண்டைக் காட்டினேன். அவள் தன் எழுத்தைத் தானே பார்த்தாள்.

"இது நீ எழுதினது தானே மாக்கிறட்?"

"நான் சீவனோடை இருக்கிற பிள்ளைக்கெல்லோ கேட்டனான்! அந்தச் சாமி சொன்னவர், களைச்சவைக்கு இளைப்பாற்றி தருவார் எண்டு. என்ர பிள்ளை எந்தச் சிறையிலை கிடந்து களைச்சுப் போனானோ, அவனுக்குக் குடும் எண்டு கேட்டனான்."

"அவர் சொன்னது இளைப்பாறுதல்..."

"ரெண்டும் ஒண்டு தானே அண்ணை?" என்றாள்.

வாற ஞாயிறு கோயிலில் எல்லோருக்கும் முன்னால் பிழை என்று வாசிக்க வேண்டும், சுஜீவன் உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல வேண்டும் என்றாள். நான் தலையாட்டினேன். அந்த முகத்துக்கு முன்னால் வேறென்ன செய்வது?

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் தொடங்கியது. மாக்கிறட் மருமகளை ஏசிய ஏச்சை நான் எழுத மாட்டேன். திடீரென்று இராசேந்திரத்தின் குரல் கேட்டது. அந்தக் குரலை நான் மாதக் கணக்கில் கேட்டதில்லை.

"காணும் மாக்கிறட். நிப்பாட்டு. அவன் செத்திட்டான்."

"நீங்களுமோ?"

"ஒவ்வொரு ஆடியும் அரிசிக்கெண்டு நறுவிலிக்குளம் போறனான் தானே. அரிசிக்கில்லை. அங்கத்தைக் கோயிலிலை அவன்ர ஆத்துமத்துக்குப் பூசை குடுக்கிறனான். பன்ரண்டு பூசை. நான் கடல்காரன். அந்த ஆடிக் காத்துக்கு அந்த வள்ளம் எவ்வளவு தூரம் போயிருக்கும் எண்டு எனக்கு அந்தக் கிழமையே தெரியும்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" மாக்கிறட்டின் குரல் இறங்கியிருந்தது.

"சொன்னா, ஆர் அனுப்பினதெண்டு வரும். நீ தாங்க மாட்டாய்."

அந்த மனிசன் நல்லவன் என்று ஊர் முழுக்கச் சொல்லும். நானும் சொல்லியிருக்கிறேன். அப்போதுதான் கிருஷாந்தினியின் குரல் வந்தது. அழுகை இல்லை, சத்தம் போடவும் இல்லை.

"அப்ப நான், மாமா?"

அவன் கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"பன்ரண்டு வருசமா நான் ஆரின்ர பெண்சாதியா இந்த வீட்டிலை இருந்தனான்? செத்தவன்ரையோ, சீவனோடை இருக்கிறவன்ரையோ? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. மாமி என்ர கையைப் பிடிச்சு நண்டுக்குக் குடுக்கேக்கை உங்களுக்குத் தெரியும்."

"பிள்ளை, அவள் தாங்க மாட்டாளெண்டு..."

"நான் தாங்குவன் எண்டு நினைச்சனீங்கள்."

அவ்வளவுதான். என் மனைவி குசினிக்குள் போய் அழுதாள். நான் ஒழுங்கையில் போய் நின்றேன்.

அடுத்த நாலு நாளும் அவர்கள் மூவரும் வழமைபோல வேலை செய்தார்கள். வலை போனது, வலை வந்தது, நண்டு கழற்றினார்கள், பக்கீர் நானா வந்து ஏற்றிக்கொண்டு போனார். ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. மூன்றாம் நாள் மாக்கிறட் தனியே கோயிலுக்குப் போய், பூட்டிய கதவுக்கு வெளியே படியில் குந்தியிருந்ததைக் கண்டேன். நாலாம் நாளும் இருந்தாள். செபமாலை கையில் இல்லை. சும்மா இருந்தாள்.

ஞாயிறு காலையில் பூசைக்கு அரைமணி நேரம் இருக்க, பாடற்குழு வாசலில் என்னைப் பிடித்தாள். நான் திருத்தத்தை எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தேன். தேவையென்றால் பாதரோடு சண்டை பிடிக்கவும் ஆயத்தமாக வந்திருந்தேன்.

"எழுதினதைத் தாங்கோ அண்ணை."

கொடுத்தேன். வாசித்தாள். நாலாக மடித்துக் கைக்குள் பொத்திக்கொண்டு, "திருத்த வேண்டாம். வாசிச்சது வாசிச்சதாக் கிடக்கட்டும்" என்றாள். பிறகு வேறொரு துண்டை நீட்டினாள். அதே எழுத்து. "மாக்கிறட். இளைப்பாற்றி வேண்டும்."

துண்டை வாசித்துவிட்டு அவளைப் பார்த்தேன். "மாக்கிறட், விசர் வேலை ஒண்டும் செய்யாதை. இது உயிரோடை இருக்கிறவைக்கோ, மரிச்சவைக்கோ?"

"அனுப்பினவளுக்கு" என்றாள்.

வாசித்தேன். இந்த முறை யாரிடமும் கேட்காமல், அவள் எழுதிய சொல்லை மாற்றாமல் வாசித்தேன். சனத்துக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. பிறகு பின்னால் ஆண்கள் பக்கத்தில் இருந்து இராசேந்திரம் தனியே சொன்னான்: "அவளுக்குத் தாரும் ஆண்டவரே." அதற்குப் பிறகு எல்லோரும் சொன்னார்கள். மாக்கிறட் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். தியானத்தில் அழுததுபோல இல்லை, மெதுவாக, களைத்துப்போய் அழுதாள். கிருஷாந்தினி நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாயைத் திறக்கவில்லை.

பூசை முடிய அவர்கள் மூவரும் நானும் பாதரின் பங்குமனைக்குப் போனோம், நான் சாட்சிக்கு. பாதர் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"கடைசியா எப்ப கதைச்சவர்?"

"வள்ளம் ஏற முன்னம்."

"போகச் சொன்னது ஆர்?" இதை எழுத வேண்டிய தேவை இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இளம்பிள்ளை, கேட்டுவிட்டார்.

"நான். அவள் காலைப் பிடிச்சுத் தடுத்தவள். இவர் வேண்டாமெண்டவர். நான்தான் அனுப்பினனான். என்ர பிள்ளை கடலுக்குள்ளை செத்திட்டான். எழுதுங்கோ" என்றாள் மாக்கிறட். எழுதினார். அவள் கையெழுத்து வைத்தாள். ஆறு மாதமோ ஒரு வருடமோ எடுக்கலாம், ஆனால் வழி திறந்துவிட்டது என்றார் பாதர்.

வெளியே விறாந்தையில் கிருஷாந்தினி கழுத்தில் கையை வைத்துத் தாலியைக் கழற்றினாள். மாமியின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்தாள். மாக்கிறட் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பெருவிரலில் நண்டு கடித்த தழும்பு. அதைத் தன் விரலால் தடவினாள்.

"என்னை மன்னிச்சிடு பிள்ளை."

கிருஷாந்தினி கையை இழுக்கவில்லை. மாமியின் முகத்தை நல்லாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஆண்டவர் உங்களுக்கு இளைப்பாற்றி தருவார், மாமி. நானும் மன்றாடுவன். மன்னிக்கச் சொல்லி மட்டும் என்னட்டைக் கேளாதையுங்கோ."

பிறகுதான் கையை எடுத்தாள். அன்றைக்கே தமக்கையின் வீட்டுக்குப் போய்விட்டாள். இந்த வருடம் ஆவணியில் உயிலங்குளத்தில் கலியாணம் நடந்தது. இந்த வேலிக்கு இரண்டு பக்கத்துக்கும் அழைப்பு வரவில்லை. எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். ஆனால் பன்னிரண்டு வருடம் வேலியால் கேட்டுக்கொண்டு இருந்தவனுக்கு எதற்கு அழைப்பு?

மாக்கிறட் இப்போதும் காலையில் நண்டு கழற்றுகிறாள், தனியே. கழுத்தில் தன் தாலியோடு சேர்த்து மற்றத் தாலியும் கிடக்கிறது. போன கிழமை வாடிப் பக்கம் போனபோது, மனம் எப்படி என்று கேட்டேன்.

"நித்திரை வருது அண்ணை" என்றாள். "படுத்தவுடனை வருது. கடவுளுக்குக் கோடி நன்றி. அவர் தாறதைத் தந்திட்டார்."

பேசிக்கொண்டே வலைக்குள் கையை விட்டாள். ஒரு நண்டு விரலைக் கவ்வியது. நான் கிட்டப் போனேன். வேண்டாம் என்று மற்றக் கையைக் காட்டிவிட்டு, அது தானாக விடும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்தாள்.